ஈரமண்ணில் பதிந்த பெயர்கள்

1991-இல், நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் தென்பகுதியில், மத்திய அரசின் அலுவலகக் கட்டடம் ஒன்றுக்காக நிலத்தைத் தோண்டினார்கள். மனித எலும்புகள் வெளிவந்தன. 18-ஆம் நூற்றாண்டில் அந்நகரத்துக் கறுப்பர்களை அடக்கம் செய்த இடுகாடு அது. அவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். 400-க்கும் மேற்பட்ட உடல்களை அகழ்வாளர்கள் பதிவுசெய்தார்கள். அதே மண்ணில் வேறொன்றும் ஏராளமாகக் கிடந்தது: சூட்டில் கோணிப்போன, வெடித்த, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட சாம்பல்நிற ஜாடித் துண்டுகள். பக்கத்தில் சூளை வைத்திருந்த குயவர்கள், தேறாத சரக்கைக் கொட்டும் மேடாக அந்த இடுகாட்டின் ஓரத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

அந்த வட்டாரத்தில் சூளை நடத்தியவர்களில் முக்கியமானவை க்ரோலியஸ், ரெம்மி என்ற இரண்டு ஜெர்மானியக் குடும்பங்கள். 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்து குடியேறி, தலைமுறை தலைமுறையாக ஸ்டோன்வேர் என்ற வகை மட்கலங்களை வனைந்தவர்கள். அவர்கள் பெயர் பொறித்த ஜாடிகள் இன்று அமெரிக்க அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன. அவற்றைச் சேகரிக்கவும் ஆராயவும் ஏலத்தில் எடுக்கவும் ஒரு பெரிய உலகமே இயங்குகிறது. அந்த உலகம் முதலில் பார்ப்பது ஜாடியின் தோளில் குத்தியிருக்கும் பெயரை. ஈரமண்ணில் பதிந்து, சூளையில் வெந்து, இருநூறு வருஷமானாலும் அழியாத அந்தப் பெயரைவிட நம்பகமான சான்று கைத்தொழில் வரலாற்றில் அரிது. ஆனால் இந்த ஜாடிகளின் கதையில் அதிகம் ஏமாற்றியதும் அதே பெயர்தான் என்பது என் எண்ணம். பெயர் சூளைக்காரருடையது; கை வேறொருவருடையது. பெயர் படிக்கும்படி இருந்தது. ஆளை யாரும் தேடவில்லை. இதைச் சொல்வதற்கு முன், ஜாடி எதனால் ஆனது என்பதைப் பார்த்துவிடலாம்.

நம் வீடுகளில் மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமாக நிற்கும் ஊறுகாய் ஜாடியைப் பீங்கான் ஜாடி என்கிறோம். குமரி மாவட்டத்தில் பரணி. உண்மையில் அது பீங்கான் அல்ல, ஸ்டோன்வேர். சாதாரண மண்பானை 800, 900 டிகிரி செல்சியஸில் வெந்துவிடும். நுண்துளைகள் அப்படியே இருக்கும். தண்ணீர் கசியும், அதனால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. ஸ்டோன்வேருக்கு 1200 டிகிரிக்கும் மேல் வேண்டும். அந்த வெப்பத்தில் மண்ணில் உள்ள மணல்சத்து உருகி, துளைகளை அடைத்து, கலம் கல்லாக இறுகிவிடும். எல்லா மண்ணும் இதைத் தாங்காது. ஆற்றங்கரைச் செம்மண் அந்தச் சூட்டில் குழைந்து சரிந்துவிடும். தாங்கும் மண் சில இடங்களில்தான் கிடைக்கிறது. விறகும் ஏராளமாக வேண்டும். புதுச்சேரியில் 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கி, சவுக்கு விறகில் ஸ்டோன்வேர் சுட்டதை நேரில் பார்த்தவர்களுக்கு அந்த உழைப்பு தெரிந்திருக்கும்.

கல்லாக இறுகிய கலத்துக்கு மேலே ஒரு மெருகு தேவை. ஜெர்மனியின் ரைன் நதிப் பகுதிக் குயவர்கள் 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஒரு வழி கண்டார்கள். சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது, மேலேயுள்ள துளைகள் வழியாகச் சாப்பாட்டு உப்பை உள்ளே வீசினார்கள். உப்பு அந்தக் கணமே ஆவியாகிப் பிரியும். அதன் சோடியம், கலத்தின் மேற்பரப்பிலுள்ள மணல்சத்தோடும் அலுமினாவோடும் சேர்ந்து மெல்லிய கண்ணாடிப் படலமாகிவிடும். குளோரின் அமிலப் புகையாகப் புகைபோக்கி வழியே போகும். சூளை இருந்த தெருவாசிகள் இந்தப் புகையை விரும்பியிருக்க வழியில்லை. ஆனால் பூச்சு என்று தனியாக ஒரு வேலை இல்லை. ஒரே சூட்டில் எல்லாம் முடிந்துவிடும். கையால் தடவினால் ஆரஞ்சுத் தோலைப் போலச் சொரசொரப்பாக இருக்கும் அந்த மேற்பரப்புதான் உப்பு மெருகின் அடையாளம். இந்தச் சூட்டையும் உப்பாவியையும் தாங்கி நிற்கும் நிறங்கள் மிகச் சில. அவற்றில் முதன்மையானது கோபால்ட் நீலம். சாம்பல் உடம்பில் நீலக் கோலம் என்கிற இந்த ஜாடிகளின் தோற்றம் யாருடைய ரசனையும் தேர்ந்தெடுத்ததல்ல, வேதியியல் விட்டுவைத்தது.

அமெரிக்கக் குடியேறிகளுக்கு இந்தக் கலம் ஏன் அவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது குளிர்காலம். நவம்பரில் பன்றியை அறுத்தால், அந்த இறைச்சியை உப்பு நீரில் மூழ்கவைத்து வசந்தம்வரை காக்கவேண்டும். முட்டைக்கோஸைச் சீவி உப்பிட்டுப் புளிக்கவைக்க வேண்டும். வெண்ணெய், பன்றிக்கொழுப்பு, வினிகரில் ஊறிய காய், சர்க்கரைப்பாகு எல்லாவற்றுக்கும் வாயகன்ற ஜாடியோ குறுகிய கழுத்துக் குடுவையோ வேண்டும். இரண்டாவது காரணம் ஈயம். அதுவரை புழங்கிய செம்மண் கலங்களுக்கு ஈய மெருகு பூசுவது வழக்கம். உப்பும் புளிப்பும் பட்டால் ஈயம் கரைந்து உணவில் இறங்கும். அந்த ஆபத்தைச் சொல்லி, நாட்டில் ஸ்டோன்வேர் தொழிலை ஊக்குவிக்கவேண்டும் என்று 1785-இல் பென்சில்வேனியப் பத்திரிகை ஒன்று எழுதியது. விடுதலைப் போர் முடிந்து, இங்கிலாந்துச் சரக்கை நம்பியிருக்கக் கூடாது என்ற எண்ணம் வலுத்திருந்த காலம் அது.

மண்தான் பிரச்சினை. நல்ல ஸ்டோன்வேர் மண் நியூஜெர்சியின் சவுத் ஆம்பாய் பகுதியிலும், ஸ்டேட்டன் தீவு, லாங் தீவு ஆகிய இடங்களிலும் இருந்தது. நியூ இங்கிலாந்து மாநிலங்களில் அநேகமாக இல்லை. ஆகவே மண் கப்பலேறியது. 1825-இல் ஈரி கால்வாய் திறந்ததும், ஹட்சன் நதி வழியாக உள்நாட்டுக்குள் மண்ணைக் கொண்டுபோவது சுலபமாயிற்று. யூட்டிகா, லயன்ஸ், ராச்செஸ்டர் என்று கால்வாய்க் கரை ஊர்களில் சூளைகள் முளைத்தன. வெர்மான்ட் மாநிலத்தின் பென்னிங்டனில் நார்ட்டன் குடும்பம் 1793-இல் தொடங்கி 1894 வரை ஒரு நூற்றாண்டு நடத்திய பட்டறை, படகில் வந்து பிறகு மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஏறிய மண்ணை நம்பித்தான் ஸ்டோன்வேர் வனைந்தது. மண்ணைக் கொண்டுவருவது, சுட்ட ஜாடியைக் கொண்டுவருவதைவிட லாபம். வெற்று ஜாடி வண்டியில் இடத்தை அடைக்கும், வழியில் உடையும். வட்டாரத்துக்கு ஒரு சூளை என்ற கணக்கில் தொழில் பரவியதற்கு இதுவே காரணம். இன்றைய சேகரிப்பாளர்கள் தங்கள் மாவட்டத்துச் சூளையின் முத்திரையைத் தேடி அலைவதற்கும் இதுவே காரணம்.

ஒரு ஜாடியைக் கையில் எடுத்தால் காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். 1830-கள் வரையிலானவை பெரும்பாலும் தோள் புடைத்து அடி சுருங்கியவை. கையில் ஏந்தும்போது உள்ளங்கைகள் தாமாகவே அந்த வளைவில் பொருந்தும். தேவை பெருகியதும் சுவர்கள் நேராகின. நேர்ச்சுவர் ஜாடியை வனைவது வேகம். சூளைக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கவும் வசதி. அழகில் முந்தையதுதான் மேல் என்பேன். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் உள்பக்கத்துக்கு உப்பாவி போய்ச் சேராது. அதற்காக உள்ளே ஒரு மண்குழம்பு பூசினார்கள். நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் கிடைத்த ஒருவகை வண்டல், ஸ்டோன்வேர் சூட்டில் தானே உருகிக் கரும்பழுப்புக் கண்ணாடியாகிவிடும். ஊர்ஊராகப் பீப்பாயில் போன சரக்கு அது. வெளியே ஓர் எண்: 2, 4, 6. அது காலன் அளவு. அமெரிக்கக் காலன் ஏறத்தாழ 3.8 லிட்டர். கடைக்காரருக்கு விலை அந்த எண்ணைப் பொறுத்தது. அதற்குக் கீழே கோபால்ட்டில் ஒரு பூ, ஓர் இலை, ஒரு பறவை. இரண்டே வீச்சில் முடிந்துபோகும் ஓவியம்தான் அதிகம். சூளைக்காரர் நேரத்தைச் செலவிட அனுமதித்த அபூர்வமான ஜாடிகளில் மான்கள், வேலி, வீடு, சிங்கம், சோளம் கொத்தும் கோழி ஆகியவை வந்தன.

இந்தச் சித்திரங்களைத் தீட்டியவர்கள் யார்? பெரும்பாலும் தெரியாது. முத்திரையில் முதலாளியின் பெயரும் ஊரும் மட்டுமே இருக்கும். பென்னிங்டனின் அந்தப் புகழ்பெற்ற மான்களை ஏலப் பட்டியல்கள் ‘நார்ட்டன் மான்’ என்கின்றன. மானை வரைந்த கைக்குக் கூலி எவ்வளவு கிடைத்தது என்பது விலையில் சேர்வதில்லை.

தொழில் சாய்ந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1858-இல் ஜான் லாண்டிஸ் மேசன் திருகுமூடிக் கண்ணாடிப் பாட்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு ஐஸ் பெட்டி பரவியது, தகர டப்பா பரவியது, 1920-இல் மதுவிலக்கு வந்து விஸ்கிக் குடுவைக்கும் வேலை இல்லாமல் செய்தது. ஜாடிகள் நிலவறைக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் போயின. சில கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுத்தன. சில குடை வைக்கும் கலமாயின.

ஜாடிகளை வேண்டாம் என்று ஒதுக்கத் தொடங்கிய நேரத்திலேயே சேகரிப்பும் தொடங்கிவிட்டது. எட்வின் அட்லீ பார்பர் அமெரிக்க மட்கலங்களின் முதல் விரிவான வரலாற்றை 1893-இல் வெளியிட்டார். ஆலைகள் நாட்டை மூடியிருந்த காலத்தில், கையால் செய்த பொருளைப் பற்றிய ஏக்கம் நகர்ப்புறப் பணக்காரர்களிடம் பரவியது. பென்னிங்டன் குயவர்களைப் பற்றிய செல்வாக்கு மிக்க நூலை 1926-இல் எழுதியவர் ஜான் ஸ்பார்கோ. அவர் பின்னணி வேடிக்கையானது. இங்கிலாந்தின் கார்ன்வாலில் கல்தச்சராக வேலை செய்து, மார்க்சியராகி, அமெரிக்காவுக்கு வந்து, குழந்தைத் தொழிலாளர் கொடுமையை அம்பலப்படுத்தி 1906-இல் ஒரு நூல் எழுதிப் பெயர்பெற்ற சோஷலிஸ்ட் அவர். பிறகு அரசியலில் வலதுபக்கம் நகர்ந்து, பென்னிங்டனில் குடியேறி, அங்கே அருங்காட்சியகம் அமைத்து அதன் தலைவராக இருந்தார். உழைப்பாளரைப் பற்றி அவ்வளவு எழுதியவர், நார்ட்டன் முதலாளிகளின் வம்சாவளியை எழுதிய அளவுக்கு அவர்களிடம் சக்கரம் சுற்றியவர்களைப் பற்றி எழுதவில்லை. ஆவணங்கள் முதலாளிகளிடம்தான் இருந்தன என்பது நியாயமான பதில். ஆனாலும் உறுத்துகிறது.

1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்த ஓவியர்களுக்கு அமெரிக்க அரசு ஒரு வேலை தந்தது: நாட்டின் பழங்கால அன்றாடப் பொருள்களை நீர்வண்ணத்தில் துல்லியமாகத் தீட்டிப் பதிவுசெய்வது. ஏறத்தாழ 18,000 ஓவியங்கள் சேர்ந்தன. இன்று வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. உப்பு மெருகு ஜாடிகளும் அவற்றில் உண்டு. அந்தக் கணத்தில் ஜாடி, பாத்திரம் என்ற நிலையிலிருந்து ‘நாட்டார் கலை’ என்ற நிலைக்கு ஏறியது. 1976-இல் நாட்டின் இருநூறாவது ஆண்டு விழா நெருங்கியபோது ஆர்வம் உச்சத்துக்குப் போயிற்று. வழிகாட்டி நூல்கள் வந்தன, விலைகள் எகிறின, போலிகளும் வந்தன.

சந்தை எதற்கு விலை கொடுத்தது என்பதுதான் கவனிக்கவேண்டியது. ஒரே சூளை, ஒரே அளவு, ஒரே ஆண்டு. ஒன்றில் நீல இலை, இன்னொன்றில் நீல மான். முதலாவது சில நூறு டாலர், இரண்டாவது பல ஆயிரம். முத்திரையோ சித்திரமோ இல்லாத வெறும் ஜாடி பூச்செடி வைக்கத்தான் போகும். ஆனால் குடும்பங்கள் உண்மையில் பயன்படுத்தியதில் ஆகப் பெரும்பான்மை அந்த வெறும் ஜாடிகளே. சேகரிப்பு என்பது காப்பாற்றும் வேலை என்று சேகரிப்பாளர்கள் சொல்வது பாதி உண்மை. விலையில்லாததைக் கைவிடும் வேலையும் அதில் அடங்கியிருக்கிறது.

ஆனாலும் சேகரிப்பாளர்களைக் குறைசொல்லி மட்டும் முடிக்க முடியாது. இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று ஏலக் கடைக்குள்ளிருந்தே வந்தது. ‘காமராவ்’ என்று முத்திரையிட்ட ஜாடிகள் நூறாண்டுக்கும் மேலாகச் சேகரிப்பாளர்களுக்குத் தெரிந்தவை. மன்ஹாட்டனின் கோர்லியர்ஸ் ஹூக் என்ற கிழக்குக் கரை முனையில் 1790-களின் பிற்பகுதியிலிருந்து இயங்கிய பட்டறையில் செய்தவை. காமராவ் ஊர்ப் பெயரையும் தன் பெயரையும் பெரிய எழுத்தில் குத்தி, தோளைச் சுற்றிப் பிறைவடிவத் தோரணங்களைப் பதித்து நீலம் தீட்டியிருப்பார். பெயரின் சாயலை வைத்து, ஐரோப்பாவிலிருந்து வந்த வெள்ளைக்காரர் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். மேரிலாந்தில் ஸ்டோன்வேருக்கென்றே ஏலம் நடத்தும் க்ராக்கர் ஃபார்ம் நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த ப்ராண்ட் ஸிப், 2000-களின் தொடக்கத்தில் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் புரட்டும்போது, தாமஸ் காமராவ் சுதந்திரக் கறுப்பர் என்று பதிவாகியிருப்பதைக் கண்டார். பிறகு இருபதாண்டு தேடலில் மீதிக் கதை வெளிவந்தது. காமராவ், க்ரோலியஸ் குயவர் குடும்பத்தில் அடிமையாகப் பிறந்தவர். சிறுவயதில் குடும்பத்தோடு விடுவிக்கப்பட்டவர். எஜமானர் வீட்டுத் தொழிலையே கற்று, அவர்களுக்குப் போட்டியாகச் சூளை வைத்தார். நியூயார்க்கின் சிப்பி வியாபாரத்தில் கறுப்பர்கள் முன்னணியில் இருந்தார்கள். அவர்களுக்காக, வியாபாரியின் பெயரையே பொறித்துச் சிப்பி ஜாடிகள் செய்து கொடுத்தார். 1820-இல், விடுதலை பெற்ற கறுப்பர்களை ஆப்பிரிக்காவில் குடியேற்றும் முயற்சியில் சேர்ந்து சியரா லியோனுக்குக் கப்பலேறினார். காய்ச்சலும் சாவும் மிகுந்த அந்தப் பயணம் தோற்று, திரும்பி வந்து, சில காலத்தில் இறந்தார். 2023-இல் நியூயார்க் வரலாற்றுக் கழகம் அவரை மையமாக வைத்துக் கண்காட்சி நடத்தியது.

பெயரை மறைத்தவர்கள் யாரும் இல்லை. அவரே பெரிய எழுத்தில் குத்தி வைத்திருந்தார். நேர்த்தியான வேலை, சொந்தப் பட்டறை, நகரத்தில் வியாபாரம் என்றால் அது வெள்ளைக்காரராகத்தான் இருக்கும் என்ற அனுமானம் மட்டும் போதுமானதாக இருந்தது. கணக்கெடுப்பு ஏடுகள் ஆவணக் காப்பகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படிதான் இருந்தன. கண்டுபிடித்தவர்களே அந்த ஜாடிகளை விற்பவர்களும் என்பதால், கண்டுபிடிப்பு விலையையும் ஏற்றியது. ஆய்வும் வியாபாரமும் இப்படிப் பின்னிக்கிடப்பது சங்கடம்தான்; ஆனால் பல்கலைக்கழகங்கள் அந்த ஏட்டைத் திறக்கவில்லை என்பதும் உண்மை.

தெற்கே கதை இன்னும் இருண்டது. தென் கரோலினாவின் எட்ஜ்ஃபீல்ட் மாவட்டத்தில், 1810-களில், ஆப்னர் லாண்ட்ரம் என்ற மருத்துவர் பாட்டர்ஸ்வில் என்ற குயவர் குடியிருப்பை உருவாக்கினார். அங்கே உப்பு மெருகு இல்லை. மரச்சாம்பல், சுண்ணாம்பு, மணல், மண் இவற்றைக் கரைத்துப் பூசும் கார மெருகு. சுட்டால் ஆலிவ் பச்சையாக, பழுப்பாக, தேன் வழிந்ததுபோல ஓடி நிற்கும். சீனத்திலும் கொரியாவிலும் நெடுங்காலம் வழங்கிய முறை இது. அமெரிக்கத் தெற்குக்கு எப்படி வந்தது என்பதற்கு, சீனப் பீங்கான் செய்முறையை விவரித்துப் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் எழுதிய 18-ஆம் நூற்றாண்டுக் கடிதங்களைப் படித்திருப்பார்கள் என்பது ஓர் ஊகம். 2011-இல் பாட்டர்ஸ்வில்லில் அகழ்ந்தபோது வெளிப்பட்ட சூளையின் நீளம் 105 அடி. கிராமத்துக் குயவர் வாழ்வைப் பற்றிய இனிய கற்பனைகளுக்கு அந்த அளவு இடம்கொடுக்காது. அது ஆலை. மண் வெட்டியவர்கள், விறகு பிளந்தவர்கள், வனைந்தவர்கள் என்று அதில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். அவர்கள் செய்த ராட்சத ஜாடிகள் பருத்தித் தோட்டங்களுக்குப் போயின. தோட்டத்து அடிமைகளுக்கு அளந்து போடும் உப்புப் பன்றி இறைச்சியும் கொழுப்பும் அவற்றில் இருந்தன.

அங்கே டேவ் என்றொருவர். 1800-ஐ ஒட்டிப் பிறந்தவர், பல எஜமானர்களிடம் கைமாறியவர். ஈரமண் காய்வதற்குள் குச்சியால் அவர் தன் பெயரையும் தேதியையும் எழுதினார். சில ஜாடிகளில் ஈரடிக் கவிதையும் எழுதினார். தேதியுள்ள அவரது கவிதைகளில் மிகப் பழையது 1834 ஜூலையைச் சேர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் தென் கரோலினா சட்டமன்றம், அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஜாடி ஒன்றும் ஒளித்து வைக்கும் தாள் அல்ல. சந்தைக்குப் போகும், தோட்டத்துச் சமையற்கட்டில் நிற்கும், படிக்கத் தெரிந்த எஜமானர் தினமும் பார்ப்பார். எஜமானர்கள் ஏன் பொறுத்துக்கொண்டார்கள்? ஜாடி நன்றாக விற்றது என்பது எளிய விடை. அவரளவுக்குப் பெரிய ஜாடி வனைபவர் இல்லை. 1859 மே 13 அன்று, பேட்லர் என்ற இன்னொரு அடிமையோடு சேர்ந்து அவர் செய்த ஜாடிகள் 40 காலன் அளவைத் தொடுபவை. அதாவது 150 லிட்டர். அந்த எடை மண்ணை ஒரே மூச்சில் சக்கரத்தில் எழுப்ப முடியாது. கீழ்ப்பாதியை வனைந்து, மேலே மண்சுருள்களைச் சுற்றிக்கொண்டே ஏற்றவேண்டும். அதிலும் அவர் இருவர் பெயரையும் எழுதினார்.

கவிதைகளின் பொருள் பல வகை. சில ஜாடியின் கொள்ளளவைப் பெருமையடிக்கும். சில வேதாகமம் பேசும். 1857-இல் எழுதிய ஒன்றில், தன் சுற்றத்தார் எல்லோரும் எங்கே என்று கேட்டுவிட்டு, அடுத்த அடியிலேயே எல்லா நாட்டாருக்கும் நட்பைச் சொல்கிறார். குடும்பங்களைப் பிரித்து விற்ற ஊரில் அந்தக் கேள்வியை வாடிக்கையாளர் வீட்டு அடுக்களையில் நிறுத்திவைத்தார். உள்நாட்டுப் போருக்குப் பின், 1870 கணக்கெடுப்பில் டேவிட் ட்ரேக் என்ற முழுப்பெயரோடு, குயவராகப் பதிவாகியிருக்கிறார். 1880 கணக்கெடுப்பில் அவர் இல்லை.

சார்ல்ஸ்டன் அருங்காட்சியகம் 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே அவரது பெரிய ஜாடியை வாங்கிவிட்டது. ஆனால் வெகுகாலம் அவர் உள்ளூர் வியப்பாக மட்டுமே இருந்தார். 2021 ஆகஸ்டில், 1858-இல் அவர் செய்த 25 காலன் ஜாடி ஒன்று 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வாங்கியது ஆர்கன்சாஸிலுள்ள கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகம். 2022-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமும் சேர்ந்து எட்ஜ்ஃபீல்ட் கறுப்பினக் குயவர்களுக்கென்று கண்காட்சி அமைத்தன. மதிப்பு வந்தது சரி. ஆனால் அங்கேயும் பெயர் எழுதிய டேவுக்குத்தான் முதல் மதிப்பு. எட்ஜ்ஃபீல்டில் உழைத்த ஏனைய அடிமைக் குயவர்களில் பெரும்பாலோருக்கு ஜாடி மேல் ஒரு கோடோ புள்ளியோ தவிர அடையாளம் இல்லை. எழுதத் தெரிந்தும் துணிந்தும் இருந்த ஒருவரின் நட்சத்திர ஒளியில் அவர்கள் இன்னும் மங்கலாகத் தெரிகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

டெக்சாஸில் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஜான் வில்சன் என்ற பாதிரியாரின் பட்டறையில் அடிமைகளாக வனைந்தவர்கள், விடுதலைக்குப் பின் 1869-இல், செகின் ஊருக்கு அருகே தங்கள் சொந்தப் பட்டறையைத் தொடங்கினார்கள். தலைமை ஹைரம் வில்சன். அதுவரை பூசிய கார மெருகை விட்டு உப்பு மெருகுக்கு மாறினார்கள், ஜாடியின் விளிம்பையும் கைப்பிடியையும் தங்களுக்கென்று வேறாக அமைத்தார்கள், ‘எச். வில்சன் அண்ட் கோ’ என்று முத்திரை குத்தினார்கள். பெயரில் இருப்பது எஜமானரின் குடும்பப் பெயர்தான். ஆனால் பணம் அவர்கள் பெட்டிக்குப் போனது.

வடக்கே, மினசோட்டாவின் ரெட் விங் நகரத்து ஜாடிகளை இன்று நிறையப் பேர் சேகரிக்கிறார்கள். 1870-களின் பிற்பகுதியில் தொடங்கிய நிறுவனம் போட்டியாளர்களோடு 1906-இல் ஒன்றாயிற்று. கைச்சித்திரம் போய், வெள்ளைத் துத்தநாக மெருகின்மேல் ரப்பர் முத்திரையால் ஒற்றிய சிவப்புச் சிறகு வந்தது. ஜாடியை அச்சு இயந்திரம் எழுப்பியது. 1967-இல் வேலைநிறுத்தத்தோடு ஆலை மூடியது. பத்தாண்டில் சேகரிப்பாளர் சங்கம் பிறந்தது. வருஷாவருஷம் ஜூலையில் அந்த ஊரில் கூடுகிறார்கள். அந்தச் சிறகு, டகோட்டா பழங்குடித் தலைவர்கள் வழிவழியாகத் தாங்கிய பட்டப் பெயரிலிருந்து வந்தது. சாயம் தோய்த்த அன்னச் சிறகைக் குறிப்பது. 1862-இல் தன்னோடு போரிட்ட டகோட்டா மக்களை, போருக்குப் பின் அமெரிக்க அரசு மினசோட்டாவிலிருந்தே வெளியேற்றியது. பதினைந்து ஆண்டு கழித்து அந்தப் பெயரில் ஜாடி விற்பனைக்கு வந்தது. ஜாடிக்காரர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நான் சொல்லவில்லை. ஊர்ப் பெயரைப் போட்டார்கள், அவ்வளவே.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். போலி ஜாடிகளைவிடப் போலிச் சித்திரங்களே ஆபத்து: உண்மையான பழைய வெறும் ஜாடியில் இன்று மான் வரைந்து திரும்பச் சுட்டுவிடுகிறார்கள். பழைய கோபால்ட் மெருகுக்கு அடியில் கரைந்து விளிம்பு மங்கியிருக்கும். புதியது மேலே உட்கார்ந்திருக்கும். விரல் முட்டியால் தட்டினால் நல்ல ஜாடி கணீரென்று ஒலிக்கும். மயிரிழை விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போகும். பிசின் வைத்து அடைத்த இடம் புற ஊதா விளக்கில் வேறு நிறமாக ஒளிரும். விரிசல் விட்ட பழைய ஜாடியில் ஊறுகாய் போடுவது புத்திசாலித்தனம் அல்ல. உள்ளே ஊறியிருக்கும் பழைய உப்பும் கொழுப்பும் எந்தக் காலத்தவை என்று சொல்ல முடியாது. சித்திரமில்லாத முத்திரை ஜாடியை மலிவாகக் கண்டால் விடாதீர்கள் என்பது என் சொந்தப் பரிந்துரை. அந்த முத்திரைக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று ஏடுகளைப் புரட்டிப் பார்க்கும் வேலை இன்னும் எத்தனையோ சூளைகளுக்கு நடக்கவில்லை.

யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இப்போது சட்டத்தின் வாசலுக்கே வந்துவிட்டது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் டேவ் 1857-இல் செய்த இரண்டு ஜாடிகள் இருந்தன. 2025-இல் அந்த அருங்காட்சியகம் இரண்டின் உரிமையையும் அவரது வாரிசுகளுக்கு மாற்றிக்கொடுத்தது. வழக்கமாக, போரில் கொள்ளைபோன ஓவியங்களுக்கும் பழங்குடியினரின் புனிதப் பொருள்களுக்கும்தான் அருங்காட்சியகங்கள் இப்படிச் செய்யும். இங்கே வாதம் வேறு: செய்தவரே அடிமை, ஆகவே தன் படைப்பை அவர் விற்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை, முதல் விற்பனையிலேயே உரிமை தவறிவிட்டது. வாரிசுகள் ஒரு ஜாடியை இரவலாக அருங்காட்சியகத்திலேயே விட்டுவைத்தார்கள். மற்றதை அருங்காட்சியகம் அவர்களிடமிருந்து விலைகொடுத்துத் திரும்ப வாங்கியது. அந்த ஜாடியில் டேவ் எழுதியிருக்கும் ஈரடி, இதைக் காசுக்காகத்தான் செய்தேன், காசைக் குப்பை என்று சொன்னாலும் சரி என்ற பொருள்படுவது. 1857-இல் அந்தக் காசு அவருடைய எஜமானர் லூயிஸ் மைல்ஸிடம் போயிற்று.